உயிரோடு இருப்பவளுக்கு ஓர் ஒப்பாரி

ரெம்பியா,
11.3.2024

பாட்டுக் கட்டிப் பாடும் தேவமலருக்கு,

ரெம்பியா கருப்பாயி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கும் தெரியும். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள்தான். இந்தக் கடிதத்துக்கு அது பொருந்தாது என்பதால் விட்டுவிட்டேன். நான் உயிரோடு இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நேற்று என் பேரன் புவனேஷ் தான் ஓட்டுகிற காடியைக் கழுவிக்கொண்டே அதில் உன் பாட்டைப் போட்டான். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் கித்தார் சத்தம் வந்தது. பிறகு நீ பாடினாய்.

ஏழாம் நெரை மரமெல்லாம்
ஏங்கி நிக்கப் போனியேடி
கொட்டாத வாளிப்பால
கொண்டு வச்சுப் போனியேடி
தங்கச்சி கருப்பாயி – நான்
தண்ணி மொண்டு ஊத்துறேண்டி

“நிறுத்துடா அத” என்றேன். “ஏன் பாட்டி, சோகப் பாட்டுலா, இப்ப எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க” என்றான். “வாசல்ல ஒப்பாரி போடுறியே, இங்க யார் செத்தா?” என்று கேட்டேன். “உங்க பேருதான் வருது பாட்டி, ஆனா நீங்க இல்ல” என்று சொல்லிச் சிரித்தான்.

நான்தான் அது. ஏழாம் நிரை இல்லை, எட்டாம் நிரை. ரப்பர்த் தோட்டத்தில் நான் பால்மரம் சீவிய நிரை எனக்குத் தெரியாதா. எட்டாம் என்று பாடினால்தான் அடுத்து வரும் கொட்டாத என்பதும் ஒட்டும். பாட்டுக் கட்டுகிறவளுக்கு அதுகூடக் காதில் படவில்லை.

அந்தப் பாட்டைப் பாடத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். என் கூடப்பிறந்த அக்கா அங்கம்மா. நீ அவள் பேத்தியாக இருக்க வேண்டும். மூக்கால் இழுப்பது அவளைப் போலவே இருக்கிறது. நாற்பத்தாறு வருடமாக அந்த வீட்டுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுத வைத்துவிட்டாய்.

புவனேஷ் வாங்கி வந்த சிடியின் உறையில் பின்பக்கம் உன் விலாசம் இருந்தது. அதைப் பார்த்து எழுதுகிறேன். அந்தப் பாட்டை நிறுத்து. மேடையிலும் பாடாதே, இவர்கள் போனில் தேடிக் கேட்கிறார்களே, அதிலிருந்தும் எடுத்துவிடு. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

போனில் கூப்பிடாதே. வீட்டுக்கும் வராதே. என் மகன் குகனுக்கு இது தெரியக்கூடாது. எழுத வேண்டும் என்றால் எழுது. தபால்காரர் பத்தரைக்கு வருவார். அந்த நேரத்தில் நான் மட்டும்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
வீ. கருப்பாயி


புக்கிட் பாரு, மலாக்கா
20.3.2024

மதிப்பிற்குரிய பாட்டி அவர்களுக்கு,

தேவமலர் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கையால் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நினைத்தது சரி. அங்கம்மா என் அப்பாவைப் பெற்றவர். நான் அப்பாயி என்று கூப்பிடுவேன். எனக்கு இருபத்தொன்பது வயது. பகலில் ஒரு பல் கிளினிக்கில் முகப்பில் உட்கார்ந்து பெயர் பதிகிறேன். மற்ற நேரம் பாட்டு. யாரிடமும் முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை. பள்ளித் தோழி ஒருத்தி இனி வேண்டாம் என்று கொடுத்த கித்தாரில் ஆரம்பித்தேன். அறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்து, சத்தம் வெளியே போகாமல் நானே ரெக்கார்டு செய்வேன். சிடி உறையை மடித்து ஒட்டுவதும் நான்தான். எனக்குக் கம்பெனி எதுவும் கிடையாது.

எட்டு வருடத்தில் பதினோரு பாட்டு எழுதியிருக்கிறேன். முதல் நிகழ்ச்சிக்கு ஏழு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் அந்தக் காப்பிக்கடை ஆட்கள். ஜோங்கர் தெருவில் ஓரமாக நின்று பாடுவேன். நிற்கிறவர்கள் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள். தெரியாது என்றால் போய்விடுவார்கள். எனக்கு அது பழகிவிட்டது.

அப்பாயி போன வருடம் தை மாதம் காலமாகிவிட்டார். அதற்கு ஒரு மாதம் முன்னால் சமையல்கட்டில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே இந்தப் பாட்டைப் பாடினார். நான் போனில் பதிந்துகொண்டேன். யார் கருப்பாயி என்று கேட்டதற்கு, “எந் தங்கச்சி. இருவத்திநாலு வயசுல போயிட்டா” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நீங்கள் இருப்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அவர் போன பிறகு அதைப் பாட்டாக்கினேன். என் பாட்டுகளில் ஆட்கள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பது இது ஒன்றைத்தான். ரேடியோவில் ஒருமுறை வந்தது. செப்டம்பரில் மலாக்காவில் எனக்கென்று தனி நிகழ்ச்சி, நோட்டீசில் என் பெயர் மட்டும். அதைப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூரில் ஒரு விழாவுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதும் இந்தப் பாட்டைத்தான்.

பாட்டி, உங்கள் பெயரை மட்டும் எடுத்துவிட்டுப் பாடலாமா? தயவுசெய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
தேவமலர்


ரெம்பியா,
2.4.2024

தேவமலருக்கு,

உன் கடிதம் வந்தது. என்னைப் பாட்டி என்று எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் செத்தவள். செத்த பாட்டிக்குத் திவசம் கொடுக்க வேண்டும், கடிதம் போடக்கூடாது. கருப்பாயி என்றே எழுது.

அங்கம்மா போன சேதி உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. கித்தாருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில். சாவுச் சேதி அப்படி வராது. ஆள் வரும். வாசலில் நின்று சொல்லும். உள்ளே வராது, தண்ணீர் கொடுத்தாலும் வாங்காது. நீ சின்னப்பெண், உனக்குத் தெரிந்திருக்காது. உன் அப்பனுக்குத் தெரிந்திருந்தாலும் செத்தவள் வீட்டுக்கு யாரை அனுப்புவான்.

சேதி கேட்டால் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். நான் ஊற்றிக்கொள்ளவில்லை. அடுப்பில் சாம்பார் இருந்தது, இறக்கி வைத்தேன். புவனேஷ் வந்து சோறு கேட்டான். போட்டேன்.

நீ எதைப் பாடுகிறாய் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். 1978. செலண்டார் பக்கம் தோட்டம். ஆளுக்கு நானூறு மரம் என்று இருந்ததை ஐந்நூறு ஆக்கினார்கள். ஜனம் வேலைக்குப் போகவில்லை. உன் தாத்தா ரங்கசாமிதான் சங்கத்துச் செயலாளர். என் வீட்டுக்காரர் வீராசாமி தோட்டத்து லாரி ஓட்டுகிறவர். அவரும் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லாரோடும்தான் உட்கார்ந்திருந்தார்.

பத்தொன்பதாம் நாள் என் மகன் குகனுக்கு வலிப்பு வந்தது. நாற்பது நாள் பிள்ளை. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பூட்டிப் போட்டிருந்தார்கள். வாகனம் என்றால் அந்த லாரி ஒன்றுதான். வீராசாமி மானேஜரிடம் போய் நின்றார். ஸ்டோரில் கிடக்கிற ரப்பர் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு போவதானால் சாவி தருகிறேன் என்றான் அவன். ஏற்றினார். நான் முன்னால் பிள்ளையோடு உட்கார்ந்தேன்.

கேட்டில் மறியல் நின்றவர்கள் பின்னால் இருந்த கட்டுகளைப் பார்த்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அங்கம்மா முன்னால் பார்த்தாள். அன்று காலையில்தான் என் வீட்டுக்கு வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டு, “நெருப்பா கொதிக்குதேடி” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாயைத் திறக்கவில்லை.

ஐந்து நாள் கழித்துத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாள் மத்தியானம் குழாயடியில் பெண்கள் கூடினார்கள். உயிரோடு இருக்கிற ஆளை இனி வேண்டாம் என்று விட்டால், செத்த வீட்டில் செய்வது போலத் தலைமுழுகிவிட்டுப் போவது வழக்கம். இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் பாட மாட்டார்கள். அங்கம்மா பாடினாள். ஈரத் தலையோடு நின்று பாடினாள். நான் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் பாயில் இருந்தேன். பிள்ளை தூங்கியது. அதன் காதைப் பொத்திக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன், ஒரு சொல் மறக்கவில்லை.

அவள் ஒப்புக்கு இழுத்திருந்தால் விட்டிருப்பேன். செயலாளர் பெண்டாட்டி, ஊருக்காகச் செய்தாள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அவள் நன்றாகப் பாடினாள். எங்களை வேலை வாங்குகிற மண்டோரின் பெண்டாட்டிகூட அழுதாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே நான் போய்விட்ட மாதிரி இருந்தது. அதைத்தான் நான் மன்னிக்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் இங்கே வந்துவிட்டோம். சீனர் தோட்டத்தில் மரம் சீவினேன், பிறகு பள்ளிக்கூடக் கண்டீனில் பாத்திரம் கழுவினேன். வீராசாமி போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. குகன் லாரி பட்டறை வைத்திருக்கிறான். அம்மாவுக்கு ஏன் ஒரு சொந்தமும் இல்லை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறான். எல்லாரும் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள் என்று சொல்லிவைத்தேன். தன்னால்தான் அம்மாவைத் தலைமுழுகினார்கள் என்று இந்த வயதில் அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவன் மகன் காடியில் அந்தப் பாட்டு ஓடுகிறது. இன்னும் எத்தனை நாளைக்கு அவன் கேட்காமல் இருப்பான்.

பெயரை எடுத்துவிட்டுப் பாடட்டுமா என்கிறாய். பெயர் இல்லாத ஒப்பாரி எங்கே இருக்கிறது. பெயரை எடுத்தால் செத்தது யார்?

உனக்கு அவள் பாடிக் காட்டியது பாதிதான். மீதியில் என் வயிற்றைச் சபித்திருக்கிறாள். மறந்துவிட்டது என்று சொன்னாளா? மறந்திருக்காது. அந்த மட்டுக்குப் புத்தி இருந்திருக்கிறது.

இப்படிக்கு,
வீ. கருப்பாயி


புக்கிட் பாரு,
25.4.2024

சின்னப் பாட்டிக்கு,

கருப்பாயி என்று எழுதக் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

அப்பாயி இறந்ததை அப்படிப் போகிற போக்கில் எழுதியது தவறு. அவர் உங்களுக்கு யார் என்பதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

போனில் பதிந்ததை மறுபடி கேட்டேன். நீங்கள் சொன்னது போலவே பாதியில் நிறுத்திவிட்டார். “மீதி எங்க அப்பாயி?” என்று நான் கேட்கிறேன். “மீதி வேணாம். நீ அந்தச் சட்டியை எடு” என்கிறார். அதற்குப் பிறகு நெத்திலி அலசுகிற சத்தம்தான்.

அப்பாவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். “அம்மாவுக்குக் கூடப்பிறந்தவ ஒருத்தி, செத்துட்டா. அவ பேச்ச எடுத்தா தாத்தா எந்திரிச்சுப் போயிடுவாரு” என்றார். அவருக்கும் தெரியாது. உங்கள் கடிதங்களை அவரிடம் காட்டவில்லை.

அப்பாயிக்காக வாதாட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஒன்று எழுதுகிறேன். தாத்தாவின் சங்கத்தில் எல்லாரும் ஒரே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். தங்கச்சிக்காகப் பேசினால் அப்பாயியையும் சேர்த்துத்தான் முழுகியிருப்பார்கள். அவர் பயந்திருக்கலாம். பயத்தில்தான் அவ்வளவு நன்றாகப் பாடினாரோ என்னவோ. மேடையில் எனக்கும் அப்படி ஆகியிருக்கிறது.

நான் யோசித்து ஒரு வழி கண்டேன். இப்போது உண்மையில் போனவர் அப்பாயி, இருப்பவர் நீங்கள். தங்கச்சி கருப்பாயி என்ற இடத்தில் அக்கா அங்கம்மா என்று மாற்றினால் பாட்டில் பொய் இருக்காது. நீங்கள் உங்கள் அக்காவுக்குப் பாடியது போல ஆகிவிடும். எட்டாம் நிரை என்று சரியாகவே பாடுவேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் அப்படியே செப்டம்பரில் பாடுகிறேன்.

அன்புடன்,
தேவமலர்


ரெம்பியா,
9.5.2024

தேவமலருக்கு,

சம்மதம் இல்லை.

நான் அங்கம்மாவுக்கு அழவில்லை. அழாத அழுகையை என் வாயில் வைத்து நீ ஊருக்கு விற்கப் பார்க்கிறாய். அவள் செய்ததாவது பரவாயில்லை, தன் வாயால் தானே பாடினாள்.

எட்டாம் நிரையை இப்போது சரியாகப் பாடுவாயாம். என் நிரையில் அவளை ஏன் நிற்க வைக்கிறாய். அவளுக்கு ரோட்டோரம் நல்ல நிரை. ரங்கசாமி செயலாளர் ஆனதும் மாற்றிக் கொடுத்தார்கள். அதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவள் பயந்தாள் என்று எழுதியிருந்தாய். பயந்துதான் இருப்பாள். பயம் ஒரு நாள், இரண்டு நாள் இருக்கும். நாற்பத்தைந்து வருடம் இருக்குமா? செலண்டாரிலிருந்து ரெம்பியா எத்தனை தூரம்? அவள் கடற்கரை உம்பாய் வரைக்கும் மீன் சாப்பிடப் போனதை என்னிடம் ஒருத்தி வந்து சொன்னாள். மீனுக்கு அத்தனை தூரம் போகத் தெரிந்திருக்கிறது.

புவனேஷிடம் சொல்லி உன் மற்றப் பாட்டுகளையும் போடச் சொன்னேன். “என்ன பாட்டி, ஃபேன் ஆயிட்டீங்களா?” என்றான். வாயை மூடிக்கொண்டு போடு என்றேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பாட்டு நன்றாக இருக்கிறது. உன் அம்மா ஃபேக்டரி ஷிப்டு முடிந்து வந்து சட்டைகூட மாற்றாமல் தூங்குவதைப் பாடியிருக்கிறாய், அதுவும் நன்றாக இருக்கிறது. அதில் பொய் இல்லை. காதல் பாட்டு மூன்று இருக்கிறது. அந்தப் பையன் போனது நல்லதற்குத்தான், மூன்று பாட்டு அவனுக்கு அதிகம்.

பாட்டில் நீ பொய் சொல்வதில்லை. மேடையில் நின்று இருபத்துநாலு வயதில் செத்தாள் என்று பேசுகிறாயே, அங்கேதான் சொல்கிறாய். புவனேஷ் காட்டினான், போனில் பார்த்தேன். உனக்கு அந்தப் பாட்டை அவ்வளவு பாட வேண்டும் என்றால், கருப்பாயி சாகவில்லை, எழுபது வயதில் ரெம்பியா பக்கம் முட்டிவலியோடு இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் பாடு. குகன் பெயரையும் காய்ச்சலையும் சொல்லாதே. மற்றதைச் சொல்லிவிட்டுப் பாடிப் பார். முடிந்தால் பாடு. முடியாவிட்டால் எடுத்துவிடு.

வீ. கருப்பாயி


புக்கிட் பாரு,
18.8.2024

சின்னப் பாட்டிக்கு,

மூன்று மாதமாக எழுதாமல் இருந்துவிட்டேன். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான்.

நீங்கள் சொன்னபடி போன மாதம் கோலாலம்பூரில் ஒரு காப்பிக்கடை நிகழ்ச்சியில் செய்து பார்த்தேன். முப்பது பேர் இருந்தார்கள். “இது என் பாட்டியோட தங்கச்சிக்குப் பாடின ஒப்பாரி. ஆனா அவங்க சாகல. ரெம்பியா பக்கம் இருக்காங்க, முட்டிவலி மட்டும்தான்” என்றேன். சிரித்தார்கள். “அப்ப அடுத்த ஷோவுக்குப் பாட்டியையே கூட்டிட்டு வாலா” என்றார் ஒருவர். பாட ஆரம்பித்தேன். உங்கள் பெயர் வந்த இடத்தில் கைதட்டினார்கள். ஒருவர் விசில் அடித்தார். இரண்டாவது தடவை அந்த இடம் வந்தபோது நான் கித்தாரை மட்டும் வாசித்தேன், பாடவில்லை. அவர்களாகவே உங்கள் பெயரைச் சேர்ந்து கத்தினார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. செத்துப்போனீர்கள் என்றால் அழுகிறார்கள், இருக்கிறீர்கள் என்றால் சிரிக்கிறார்கள். நான் இறங்கி வந்து பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது அன்றைக்குத்தான்.

பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறவர்களிடமிருந்து எடுக்க முடியாது. புவனேஷிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கையில் இருந்த சிடிகளின் உறையைப் பிரித்து, பாட்டை நீக்கி மறுபடி போடுகிறேன். சிங்கப்பூர்க்காரர்களுக்கு எழுதினேன். அந்தப் பாட்டு இல்லை என்றால் இந்த வருடம் வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

மலாக்கா நிகழ்ச்சி மட்டும் இருக்கிறது. செப்டம்பர் 14, சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. மற்றப் பத்துப் பாட்டையும் பாடுவேன். நீங்கள் வர மாட்டீர்கள் என்று தெரியும். இதோடு இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன், எறிந்துவிட்டாலும் சரி.

அன்புடன்,
தேவமலர்


ரெம்பியா,
17.9.2024

தேவமலருக்கு,

கருப்பாயி எழுதிக்கொள்வது.

வந்திருந்தேன். நீ பார்க்கவில்லை. கடைசி வரிசையில் காற்றாடிக்குப் பக்கத்தில் இருந்தேன். புவனேஷிடம் டிக்கெட்டைக் கொடுத்தபோது, “பாட்டி, யாரு குடுத்தா இது?” என்று கேட்டான். தபாலில் வந்தது என்றேன். பொய் இல்லை. அந்தக் கடைவீட்டு மாடிக்கு ஏற எனக்குக் கால் மணி நேரம் ஆனது. மாடியில் கூட்டம் வைக்கிறவர்களுக்கு முட்டி கிடையாது போல.

அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், நாற்பத்துமூன்று பேர் இருந்தார்கள். நீ உயரமாக இருக்கிறாய், ரங்கசாமி வாகு. நான்காம் பாட்டில் கம்பி அறுந்ததும் நீ பேசிக்கொண்டே மாற்றினாயே, அந்தப் பேச்சு நன்றாக இருந்தது. கிளினிக்கில் வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டே உன்னிடம் வீட்டுக் கதை சொல்வதைப் பற்றி. புவனேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். நீலச் சட்டை உனக்குப் பொருந்தவில்லை.

பத்துப் பாட்டு முடிந்ததும் ஆட்கள் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே கேட்டார். நீ ஏதாவது காரணம் சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றிச் சொல்வாய், பாட்டி ஒருத்தி வேண்டாம் என்கிறாள் என்று பழியை என் பக்கம் தள்ளுவாய் என்று நினைத்தேன். “அந்தப் பாட்டு இனிமே இல்லீங்க. அது என்னோடது இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கித்தாரைப் பெட்டிக்குள் வைத்தாய். நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். புவனேஷ் காடியை எடுத்து வரக் கீழே போனான்.

என் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும், பெயர் சுசீலாவாம். கேட்காமலே சொன்னாள். “இந்தப் பாட்டுக்குன்னே ஜாசின்லேர்ந்து பஸ் ஏறி வந்தேன் பாட்டி. எங்கம்மாவும் தோட்டந்தான்” என்றாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“யாரு அந்தக் கருப்பாயி, எதுல செத்துச்சு, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது இந்தப் பொண்ணு” என்றாள்.

“எனக்குத் தெரியும் அவள” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

“ஐயோ, ஒரே தோட்டமா?”

“ஒரே லயம்.”

“எப்படிப் போச்சு?”

“பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. அதுலதான் போனா.”

“பிள்ளை?”

“பொழச்சுக்கிட்டான். நல்லாருக்கான். பட்டற வச்சிருக்கான்.”

“அம்மாவ நெனச்சுக்குவானா?”

“அவனுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிய வேணாம்.”

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாவம் பாட்டி. இருவத்திநாலு வயசு, என்னத்தக் கண்டுச்சு” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். படி இறங்கி முடிகிற வரைக்கும் விடவில்லை.

அந்தக் கருப்பாயியைப் பாவம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. தோட்டத்தில் ஒருவர் சொல்லவில்லை, இங்கே வந்த பிறகு சொல்வதற்கு யாருக்கும் விஷயம் தெரியாது. வீராசாமி தன் தப்பு என்று வாயை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். நானும் சொன்னதில்லை, எனக்கு அவள்மேல் கோபம்தான். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். குளிக்கும்போதுகூட.

அதனால் பாடு. பழையபடி பாடு. நான் இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாதே. அந்த மேடைப் பேச்சையும் பழையபடியே பேசு. சிங்கப்பூர்க்காரர்களுக்கு எழுதிப் போடு. குகன் கேட்டால் கேட்கட்டும், கருப்பாயி என்று ஊரில் எத்தனையோ பேர்.

அங்கம்மாவை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் மன்னிக்கவில்லை. இது உனக்காகவும் இல்லை. அந்த லயத்துப் பெண்ணுக்கு ஜாசினிலிருந்து ஒருத்தி அழ வந்தாள், அதற்காக.

நான் இருக்கிறவரைக்கும் அது பாட்டு, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நான் போய்விட்டால் குகன் பேப்பரில் படம் போடுவான், அவன் அதெல்லாம் சரியாகச் செய்கிறவன். பார்த்ததும் நிறுத்திவிடு. அன்றிலிருந்து அது அங்கம்மா எனக்கு வைக்கிற ஒப்பாரி ஆகிவிடும். அவள் அழுகை எனக்கு வேண்டாம். எனக்கு அழ என் மகன் இருக்கிறான்.

இதற்குப் பதில் போட வேண்டியதில்லை.

வீ. கருப்பாயி